பெர்ட் கெம்ப்ஃபர்ட்டின் ஆர்கெஸ்ட்ரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்’ பாடலைக் கேட்டவர்கள் உலகெங்கும் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அந்த மெட்டைப் போட்டவர் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்காரரான பெர்ட் கெம்ப்ஃபர்ட் ஆர்கெஸ்ட்ரா நடத்தினார், மெட்டமைத்தார், எந்த வாத்தியம் எங்கே வர வேண்டும் என்று வகுக்கும் இசைக்கோர்ப்பு செய்தார், பிறருக்கு இசைத்தட்டும் தயாரித்தார். இவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் அவருடைய வாழ்க்கைக் கணக்கு தப்பாகிவிடும். கேள்விகளை அதற்கேற்ற வரிசையில் வைத்திருக்கிறோம். வாசிக்கிறவர்களுக்கான செய்முறை நடுவில் வருகிறது, தட்டு வாங்குகிறவர்களுக்கானது கடைசியில்.

இவர் எங்கிருந்து வந்தார்? இசைப் பயிற்சி எப்படி?

1923 அக்டோபர் 16 அன்று ஹாம்பர்க்கின் பார்ம்பெக் பகுதியில் பிறந்தார். தொழிலாளர்கள் நிறைந்த பகுதி அது. ஹாம்பர்க் இசைப்பள்ளியில் படித்தார். பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன், அக்கார்டியன் என்று பல வாத்தியங்கள் கைவந்தன. இரண்டாம் உலகப்போரில் கடற்படையின் பேண்டில் வாசித்தார். போர் முடிவில் டென்மார்க்கில் கைதியாக இருந்தபோதே ஒரு குழு சேர்த்தார். விடுதலையான பிறகு ஜெர்மனியிலிருந்த அமெரிக்கப் படையினரின் கிளப்களிலும், ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் படையினரின் வானொலியிலும் வாசித்தார்.

இந்தக் கட்டத்தை அவசரமாகத் தாண்டக் கூடாது. போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் அமெரிக்கர்களுக்கு வாசிப்பதென்றால், அவர்கள் ஊரில் கேட்ட ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையை அவர்கள் காதுக்குக் குறை தெரியாமல் தர வேண்டும். ஜெர்மானிய நடன இசையின் இதமும் அமெரிக்க ஸ்விங்கின் நடையும் அவர் கையில் ஒன்றுசேர்ந்தது இப்படித்தான். ஐம்பதுகளின் நடுவில் பாலிடோர் இசைத்தட்டு நிறுவனத்தில் இசைக்கோர்ப்பாளராகவும் தயாரிப்பாளராகவும் சேர்ந்தபோது, இரண்டு நாட்டு ரசனையும் அவருக்கு அத்துப்படியாக இருந்தது.

அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவருடைய ‘வொண்டர்லேண்ட் பை நைட்’ இசைத்தட்டின் மெட்டும் அவர் போட்டதுதானே?

இல்லை. அதிகம் பரவிய தவறு இது. மெட்டு கிளாவுஸ்-குந்தர் நொய்மன் என்பவருடையது. இசைக்கோர்ப்பும் ஆர்கெஸ்ட்ராவும் கெம்ப்ஃபர்ட்டுடையவை. தனி ட்ரம்பெட் வாசித்தவர் சார்லி தாபோர். 1959-இல் பதிவானது.

ஜெர்மனியில் இந்தத் தட்டுக்குப் பெரிய ஆர்வம் இல்லை. கெம்ப்ஃபர்ட் அதை நியூயார்க்கிலிருந்த டெக்கா நிறுவனத் தயாரிப்பாளர் மில்ட் கேப்ளரிடம் கொண்டுபோனார். கேப்ளர் சாதாரண ஆள் இல்லை. ஜாஸ் தட்டுகளுக்கென்றே கமடோர் என்ற நிறுவனத்தை நடத்தியவர், பில்லி ஹாலிடேயைப் பதிவு செய்தவர். அவர் காதுக்குப் பிடித்தது, வெளியிட்டார். 1961 ஜனவரியில் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டை இறக்கிவிட்டு அமெரிக்காவின் வெற்றிப் பாடல் வரிசையான பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்து மூன்று வாரம் நின்றது. ஒரு ஜெர்மன் ஆர்கெஸ்ட்ரா அந்த இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அதே பெயரில் வந்த எல்.பி.யும் ஆல்பம் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

அதே நாட்களில் லூயி பிரைமாவும் அனிடா பிரையன்ட்டும் வெளியிட்ட வடிவங்களும் பட்டியலில் ஏறின. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால் கெம்ப்ஃபர்ட்டின் வேலை எங்கே இருக்கிறது என்று விளங்கிவிடும். மெட்டு மூன்றிலும் ஒன்றுதான். ட்ரம்பெட்டுக்குப் பின்னால் சொல்லில்லாத கோரஸை எவ்வளவு தள்ளி வைக்கிறார், வயலின்களை எந்த இடத்தில் நுழைய விடுகிறார் என்பதில்தான் வேறுபாடு.

அவருடைய தட்டுகளில் ‘டக் டக்’ என்று ஒரு பாஸ் கேட்கிறதே, அது என்ன வாத்தியம்?

எலெக்ட்ரிக் பாஸ் கிட்டார். கம்பியை உள்ளங்கை ஓரத்தால் அமுக்கி, பிளெக்ட்ரம் என்ற சிறு தகட்டால் தட்டி வாசிப்பது. ஜெர்மானியர்கள் இதை ‘க்னாக் பாஸ்’ என்பார்கள். வாசித்தவர் லாடி கைஸ்லர். பிராகில் பிறந்து ஹாம்பர்க்கில் குடியேறிய கிட்டார் கலைஞர். அதே நேரத்தில் ஒரு டபுள் பாஸும் கூடவே போகும். ஆழம் டபுள் பாஸிலிருந்து வருகிறது, ஒவ்வொரு ஸ்வரத்தின் விளிம்பும் பாஸ் கிட்டாரிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் பதிவுக்கூடங்களிலும் ‘டிக்-டாக் பாஸ்’ என்று இதன் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அங்கே பெரும்பாலும் ஆறு கம்பி பாஸைப் பயன்படுத்தினார்கள்.

இது ஏன் அவ்வளவு எடுபட்டது? பாஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். சின்ன ரேடியோவின் ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. சாதாரண பாஸ் அதில் காணாமல் போய்விடும். பிளெக்ட்ரத்தின் ‘டக்’ ஒலியில் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலான பகுதி நிறைய இருப்பதால், உள்ளங்கை அளவு ஸ்பீக்கரிலும் பாஸின் நடை தெளிவாகக் கேட்கும். கார் ரேடியோவிலும் அப்படியே. மெல்லிசை ஆர்கெஸ்ட்ராக்கள் பலவற்றில் ட்ரம்ஸ் சற்று உரத்தாலே இதம் கெட்டுவிடும். கெம்ப்ஃபர்ட்டிடம் தாளத்தின் பாதி வேலையை இந்த பாஸே செய்துவிடுவதால், ட்ரம்ஸ் மெதுவாக வாசித்தாலும் கால் தானாக ஆடும். அவருடைய பதிவுகளில் எங்களுக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான், அதனால் அடுத்த பதில் கொஞ்சம் நீளும்.

அந்த பாஸை நான் வாசிக்க வேண்டும். எப்படி?

முதலில் கம்பி. பாஸ் கிட்டாரில் தட்டையாகச் சுற்றிய கம்பிகளைப் போடுங்கள். உருண்டையாகச் சுற்றிய கம்பியில் கிணுகிணுப்பு அதிகம், எவ்வளவு அமுக்கினாலும் ஓரத்தில் ஒரு உலோக ஒலி மிஞ்சும். பிளெக்ட்ரம் 1 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனாக இருக்கட்டும். மெல்லியது வளைந்துபோய், தட்டுக்குப் பதில் உரசலாகக் கேட்கும்.

வலது கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரம், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் மேல் படிய வேண்டும். கம்பி பிரிட்ஜை விட்டுக் கிளம்புகிற இடத்திலிருந்து அரை சென்டிமீட்டர் மட்டும் முன்னால் வந்தால் போதும். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் சுருதியே கேட்காமல் வெறும் தட்டல் ஆகிவிடும். பிரிட்ஜுக்கும் அதை அடுத்து ஒலியை வாங்கும் பிக்கப்புக்கும் இடையில் தட்டுங்கள். டோன் குமிழ் முழுவதும் திறந்திருக்கட்டும். இரண்டு பிக்கப் இருந்தால் பிரிட்ஜ் பக்கத்ததை முழுதாக வைத்து, மற்றதைப் பாதிக்குக் குறையுங்கள்.

ஸ்வரத்தின் நீளம்தான் உயிர். ஒரு தாளத் தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்றால், அதில் பாதி நேரம்தான் ஒலிக்க வேண்டும், மீதிப் பாதி மௌனம். அந்த மௌனத்தை வலது கை மட்டும் தராது. இடது கை விரலை ஃப்ரெட்டிலிருந்து லேசாகத் தளர்த்தி, கம்பியை விடாமல் தொட்டபடியே நிறுத்த வேண்டும். முழுதாக எடுத்தால் திறந்த கம்பி ஒலித்துவிடும். நிமிடத்துக்கு 116 முதல் 132 தட்டு வரை பழகுங்கள். வேகம் கூடக் கூட மௌனம் குறைந்து நடை கனத்துவிடும்.

டபுள் பாஸ் கலைஞர் அதே வரியை விரலால், ஸ்வரங்களை நிறைவாக ஒலிக்க விட்டு வாசிப்பார். கலக்கும்போது பாஸ் கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அந்த இடம் டபுள் பாஸுக்கு. 1500 முதல் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றலாம். பாஸ் கிட்டாரின் அளவு டபுள் பாஸைவிடக் குறைவாகவே இருக்கட்டும். அதை நிறுத்தினால் ஏதோ போய்விட்டது என்று தெரிய வேண்டும், ஓடும்போது தனி வாத்தியமாகத் தெரியக் கூடாது.

டபுள் பாஸ் ஆள் இல்லையா? ஒரே பாஸ் கிட்டாரில் இரண்டு முறை பதியுங்கள். முதல் முறை டோனை மூடி, கழுத்துப் பக்கம் விரலால். இரண்டாம் முறை மேலே சொன்னபடி.

செய்து பார்த்தேன், அந்த ஒலி வரவில்லை. எங்கே தப்பு?

சுருதி சற்று ஏறிக் கேட்டால், உள்ளங்கை கம்பியைத் தொடுவதற்குப் பதில் அழுத்துகிறது என்று அர்த்தம். அழுத்தம் கம்பியின் இறுக்கத்தைக் கூட்டும், சுருதி ஏறும். கையின் எடையை பிரிட்ஜ் தாங்கட்டும்.

‘டக்’ என்பது ‘டடக்’ என்று இரட்டையாகக் கேட்டால், இரண்டு பாஸும் ஒன்றாக விழவில்லை. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு விலகினாலே காதுக்குத் தெரிந்துவிடும். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி உட்காருங்கள். தனித்தனியாகப் பதிந்திருந்தால் பாஸ் கிட்டாரின் வரியை நகர்த்திச் சேர்க்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் மந்தமாகக் கேட்டால், பாஸ் கிட்டாருக்கு எதிரொலி சேர்த்திருப்பீர்கள். எடுத்துவிடுங்கள். எதிரொலி ட்ரம்பெட்டுக்கும் வயலினுக்கும் கோரஸுக்கும் உரியது. காய்ந்த பாஸும் ஈரமான மேல்தளமும் சேர்ந்தால்தான் அந்த இடைவெளி கிடைக்கும். கடைசியாக, ட்ரம்ஸ் கலைஞர் கால் ட்ரம்மை ஒவ்வொரு தட்டுக்கும் பலமாக உதைத்தால் பாஸின் தொடக்கம் அதற்குள் புதைந்துபோகும். தொட்டும் தொடாமலும் உதைக்கச் சொல்லுங்கள்.

கீபோர்டில் செய்கிறவர்கள் கவனிக்க: ‘பிளெக்ட்ரம் பாஸ்’ ஒலி சரியாகவே இருந்தாலும், விரலை எடுத்த பிறகு வால் நீண்டால் நடை போய்விடும். ரிலீஸ் நேரத்தைக் கிட்டத்தட்ட சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஆர்கெஸ்ட்ராவின் அமைப்பு எப்படி? இதைப் பிக் பேண்ட் என்று சொல்லலாமா?

எலும்புக்கூடு பிக் பேண்டினுடையது: ட்ரம்பெட் வரிசை, ட்ராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை, தாளக் குழு. சாக்ஸபோன்காரர்கள் தேவைப்பட்டபோது ஃப்ளூட்டும் பிக்கோலோ என்ற சின்ன ஃப்ளூட்டும் எடுப்பார்கள். மேலே வயலின்களும் கலப்புக் கோரஸும். அமெரிக்க ஸ்விங் பேண்டில் வரிசைகள் ஒன்றோடொன்று வாதம் செய்யும். கெம்ப்ஃபர்ட்டிடம் அந்த வாதம் இல்லை. மெட்டை ஒருவர் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் வழிவிடுவார்கள். இடையிடையே ட்ராம்போன்கள் குட்டையாக ஒரு பதில் சொல்லும், அவ்வளவுதான்.

ஜாஸ் கேட்கிறவர்கள் சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மெட்டை மூன்று நிமிடம் தாங்கிப் பிடிப்பதும், நடுவில் எதையும் திணிக்காமல் இருப்பதும் கடினமான ஒழுக்கம். அவருடைய நெருங்கிய கூட்டாளி ஹெர்பர்ட் ரேபைன் வயலின் வாசித்துப் பழகியவர். பல மெட்டுகளில் அவர் பெயரும் சேர்ந்தே இருக்கும். 1979-இல் அவர் இறந்தது கெம்ப்ஃபர்ட்டுக்குப் பேரிழப்பு. ட்ரம்பெட்டில் தாபோருக்குப் பிறகு அறுபதுகளின் பல தட்டுகளில் ஃப்ரெட் மோக் கேட்கிறார்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர்தான். இந்தப் பாணியில் வாசிக்க முடியுமா?

முடியும். ட்ரம்பெட் ஒன்று, ட்ராம்போன் ஒன்று, ஃப்ளூட்டும் வாசிக்கத் தெரிந்த சாக்ஸபோன்காரர் ஒருவர், கீபோர்டு, கிட்டார், பாஸ் கிட்டார், டபுள் பாஸ், ட்ரம்ஸ்.

ட்ரம்பெட்டுக்கு மெட்டைக் கொடுங்கள், ஆனால் மெட்டின் உச்சம் நடு சி-க்கு மேல் ஒன்றரை ஆக்டேவைத் தாண்டாதபடி சுருதியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலே போனால் மெதுவாக ஊதுவது கஷ்டம், முழக்கம் வந்துவிடும். இந்த இசையில் முழக்கம் கூடாது. கீபோர்டில் வயலின் ஒலி வைக்கிறவர்கள் செய்கிற வழக்கமான தவறு, இரண்டு கையாலும் கார்டு பிடிப்பது. வேண்டாம். ஒரே வரியை இரண்டு ஆக்டேவில் வாசியுங்கள், அதுவும் மெட்டு மூச்சு விடும் இடங்களில் மட்டும். கார்டைக் கிட்டாரும் ட்ராம்போனும் பார்த்துக்கொள்ளும். சாக்ஸபோன்காரர் இரண்டாம் சுற்றில் ஃப்ளூட்டுக்கு மாறி, ட்ரம்பெட்டுக்கு ஒரு ஆக்டேவ் மேலே மெட்டை இரட்டிக்கலாம். அதுவே பெரிய ஆர்கெஸ்ட்ரா போல ஒரு மயக்கம் தரும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு. இவ்வகை மெட்டுகள் பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட 32 அளவுகள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு சுற்று 64 நொடி. இரண்டு சுற்று, முன்னால் நான்கு அளவு, முடிவில் நான்கு அளவு சேர்த்தால் 2 நிமிடம் 24 நொடி. அந்த நாளின் 45 சுற்றுத் தட்டுக்கு (நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு இசைத்தட்டு) இதுவே அளவு. மூன்றாவது சுற்று வைக்க ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஒலிகளின் புதுமை தீர்ந்து, கேட்பவர் கவனம் கலைவது பெரும்பாலும் அங்கேதான்.

‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் இன் த நைட்’ முதலில் பாட்டாகவே எழுதப்படவில்லை என்கிறார்களே?

உண்மைதான். 1966-இல் வந்த ‘எ மேன் குட் கெட் கில்ட்’ என்ற படத்துக்கு அவர் பின்னணி இசையமைத்தார். அதில் வரும் ஒரு மெட்டுக்கு ‘பெடி பை’ என்று பெயர். படம் யுனிவர்சலுடையது. யுனிவர்சலும் அவர் தட்டுகளை வெளியிட்ட டெக்காவும் 1962 முதல் எம்.சி.ஏ. என்ற ஒரே முதலாளியின் கீழ் இருந்தன. சார்லஸ் சிங்கிள்டனும் எடி ஸ்னைடரும் மெட்டுக்கு ஆங்கில வரிகள் எழுதினார்கள். ஃபிராங்க் சினாட்ரா 1966 ஏப்ரலில் பாடிப் பதிவு செய்தார். இசைக்கோர்ப்பு எர்னி ஃபிரீமன், தயாரிப்பு ஜிம்மி போவன். ஜூலை 2 அன்று பில்போர்டில் முதலிடம். அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் முதலிடத்தில் இருந்தது பீட்டில்ஸின் ‘பேப்பர்பேக் ரைட்டர்’. பீட்டில்ஸை ஹாம்பர்க்கில் பதிவு செய்தவரும் இதே கெம்ப்ஃபர்ட்தான் என்பதைக் கீழே பார்ப்போம்.

சினாட்ராவுக்கு இந்தப் பாட்டின் மேல் பிரியம் இருந்ததில்லை. கேட்டவர்களுக்கு இருந்தது. அந்த ஆண்டுக்கான கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தட்டாகத் தேர்வானது இந்தப் பதிவு. பாட்டுக்கு கோல்டன் குளோபும் கிடைத்தது.

வேறு எந்தெந்தப் பாட்டுகள் இவருடையவை?

‘ஸ்பானிஷ் ஐஸ்’: முதலில் ‘மூன் ஓவர் நேப்பிள்ஸ்’ என்ற பெயரில் வெறும் வாத்திய இசை. ஆல் மார்ட்டினோ பாடிப் புகழ்பெற்றது.

‘டான்கே ஷேன்’: 1963-இல் வேய்ன் நியூட்டன் பாடினார். ஆங்கில வரிகள் அதே மில்ட் கேப்ளர். தட்டை வெளியிட்ட தயாரிப்பாளரே பாடலாசிரியராகவும் ஆனது இந்தக் கூட்டணியின் சிறப்பு.

‘எல்-ஓ-வி-இ’: நாட் கிங் கோல் 1964-இல் பாடியது. வரிகள் கேப்ளர். 1965 பிப்ரவரியில் கோல் இறந்துவிட்டார். அவருடைய கடைசிக் காலப் பதிவுகளில் இன்றும் ஓயாமல் ஒலிப்பது இது.

‘வுடன் ஹார்ட்’: ‘ஜி.ஐ. ப்ளூஸ்’ படத்தில் எல்விஸ் பாடியது, 1960. மெட்டு பழைய ஜெர்மன் நாட்டுப்பாடல். அதைப் பாட்டாக்கிய நால்வரில் கெம்ப்ஃபர்ட்டும் ஒருவர்.

‘த வேர்ல்ட் வி நியூ’: 1967, மறுபடி சினாட்ரா.

பாடியவர்கள்தானே புகழும் பணமும் பெற்றார்கள்? இவருக்கு என்ன மிச்சம்?

புகழைப் பற்றிச் சொன்னால் அது சரி. பணத்தைப் பற்றி அல்ல. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புரிமை ஒன்று, குறிப்பிட்ட ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. அமெரிக்காவில் வழக்கமான வானொலியில் ஒரு தட்டைப் போட்டால் படைப்புரிமைக்காரருக்குத் தொகை போகும். பாடகருக்கும் இசைக்கலைஞருக்கும் போகாது. சினாட்ராவின் குரல் வானொலியில் ஒலித்தபோதெல்லாம் தொகை கெம்ப்ஃபர்ட், சிங்கிள்டன், ஸ்னைடர், அவர்களுடைய பதிப்பாளர் ஆகியோருக்கே. சினாட்ராவின் வருமானம் தட்டு விற்பனையிலிருந்தும் மேடையிலிருந்தும் வந்தது.

இதை வைத்து ‘வொண்டர்லேண்ட் பை நைட்’டைத் திரும்பப் பாருங்கள். அது முதலிடம் வந்தும் படைப்புரிமைத் தொகை நொய்மனுக்குத்தான். அதன் பிறகு வந்த ஆல்பங்களில் கெம்ப்ஃபர்ட்டின் சொந்த மெட்டுகளும், ரேபைனோடு சேர்ந்து போட்டவையும் நிறைய இடம்பெற்றன. ஆல்பத்தில் வாத்திய இசையாக ஒரு மெட்டு வரும். நியூயார்க்கில் அதற்கு வரி எழுதப்படும். பிறகு அது ஒரு பாடகரிடம் போகும். ஆர்கெஸ்ட்ராவின் தட்டு மெட்டுகளுக்கான கடை வாசலாகவும் வேலை செய்தது. 1993-இல் அமெரிக்காவின் பாடலாசிரியர் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டதும் மெட்டுக்காகத்தான்.

பீட்டில்ஸைக் கண்டுபிடித்தவர் இவரா?

கண்டுபிடித்தார் என்பது பெரிய வார்த்தை. வணிகத் தட்டுக்காக அவர்களை முதலில் பதிவு செய்த தயாரிப்பாளர் இவர். 1961 ஜூனில் அவர்கள் ஹாம்பர்க்கின் இரவு கிளப் ஒன்றில் டோனி ஷெரிடன் என்ற ஆங்கிலேயப் பாடகருக்கும் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தார்கள். கெம்ப்ஃபர்ட் ஷெரிடனோடு அவர்களையும் ஹார்பர்க்கிலுள்ள ஃபிரீட்ரிக் எபர்ட் மண்டபத்துக்கு அழைத்துப் பதிவு செய்தார். ‘மை பானி’ அதில் ஒன்று. ஷெரிடன் இல்லாமல் அவர்கள் தனியாகச் செய்த இரண்டு: ஜான் லெனன் பாடிய ‘எய்ன்ட் ஷி ஸ்வீட்’, ஹாரிசனும் லெனனும் சேர்ந்து போட்ட வாத்திய இசையான ‘க்ரை ஃபார் எ ஷேடோ’. ட்ரம்ஸில் பீட் பெஸ்ட். ரிங்கோ ஸ்டார் அப்போது குழுவில் இல்லை.

ஜெர்மனியில் வந்த தட்டில் ‘பீட்டில்ஸ்’ என்ற பெயர் இருக்காது, ‘டோனி ஷெரிடனும் பீட் பிரதர்ஸும்’ என்றுதான் இருக்கும். 1962-இல் பீட்டில்ஸின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் கேட்டதும் கெம்ப்ஃபர்ட் ஒப்பந்தத்திலிருந்து அவர்களை விடுவித்தார். கையிலிருந்த தங்கத்தை விட்டுவிட்டார் என்று இதை அடிக்கடி எழுதுகிறார்கள். அப்போது அவர்களிடம் பெரிய வெற்றி பெற்ற பாட்டு ஒன்றுகூட இல்லை. முன்னேற நினைத்த இளைஞர்களைத் தாளைக் காட்டிக் கட்டிப்போடவில்லை என்பதை நாங்கள் அவருடைய பெருந்தன்மையாகவே எடுத்துக்கொள்கிறோம்.

‘எ ஸ்விங்கிங் சஃபாரி’ ஆல்பத்தில் ஆப்பிரிக்க இசை எவ்வளவு?

1962-இல் வந்தது. தென்னாப்பிரிக்கத் தெருக்களில் தகரக் குழலில் வாசித்த குவேலா இசைதான் அதன் அடிப்படை. அந்தக் குழலின் வேலையை இங்கே பிக்கோலோக்கள் செய்கின்றன. ஆல்பத்தில் உள்ள ‘தட் ஹேப்பி ஃபீலிங்’ கானா நாட்டு ட்ரம்ஸ் மேதை கை வாரனுடைய மெட்டு. தலைப்புப் பாட்டு கெம்ப்ஃபர்ட்டுடையது. அமெரிக்காவில் அதைப் பெரிதாக ஓட்டியது பில்லி வானின் ஆர்கெஸ்ட்ரா. கெம்ப்ஃபர்ட்டின் சொந்த வடிவம் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சிக்கு முகப்பு இசையானது.

இது ஹாம்பர்க்கின் கூடத்தில் ஐரோப்பியர்கள் வாசித்த இசை. குவேலாவின் கரகரப்பு அதில் இல்லை. ஆனால் க்னாக் பாஸ் மிகத் துலக்கமாகக் கேட்கும் ஆல்பம் இதுவே. பாஸ் பழகுகிறவர்கள் இதிலிருந்து தொடங்குங்கள்.

இவர் ஏன் மேடையில் அதிகம் தோன்றவில்லை?

ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறந்த ஆர்கெஸ்ட்ரா அது. தட்டில் கோரஸும் வயலினும் மைக் வைத்துச் சமன் செய்யப்பட்டவை. மேடையில் பித்தளை வாத்தியங்கள் எழுந்தால் கோரஸ் அடிபட்டுப் போகும். லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹாலில் 1974 ஏப்ரல் 22 அன்று நடந்த கச்சேரியில்தான் இந்த ஆர்கெஸ்ட்ராவைப் பெரிய அளவில் மேடையேற்றினார். அந்தப் பதிவு தட்டாக வந்திருக்கிறது. அதில் வேகம் சற்றுக் கூடுதல், தனி வாசிப்புகளுக்கு இடம் அதிகம். ஜாஸ் பிடித்தவர்களுக்கு அதுவே நல்ல வாசல்.

மேடை தாமதமாகத்தான் வந்தது. 1980-இல் பிரிட்டனில் வாசித்துத் திரும்பிய சில நாட்களில், ஜூன் 21 அன்று, மயோர்க்கா தீவிலிருந்த வீட்டில் பக்கவாதத்தால் இறந்தார். வயது 56.

ஜேம்ஸ் லாஸ்டும் இவரும் ஒரே பாணிதானா?

நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். இருவரும் வட ஜெர்மனி, இருவரும் பாலிடோர். லாஸ்ட் பிரெமன் நகரத்துக்காரர், 1929-இல் பிறந்தவர், அடிப்படையில் டபுள் பாஸ் கலைஞர். 1965-இல் தொடங்கிய அவருடைய ‘நான் ஸ்டாப் டான்சிங்’ வரிசையில் அந்தந்தக் கால வெற்றிப் பாட்டுகள் இடைவெளியில்லாமல் கோக்கப்பட்டிருக்கும், பின்னால் விருந்துக் கூட்டத்தின் சிரிப்பும் கைதட்டலும் கேட்கும். அவர் கூட்டத்தை ஆடவைப்பவர், மேடைக்காரர். கெம்ப்ஃபர்ட் வீட்டில் உட்கார்ந்து கேட்பவருக்காகச் செய்தவர். கண்ணை மூடிக் கேட்டு அடையாளம் காண வேண்டுமானால்: கூட்டத்தின் இரைச்சல் இருந்தால் லாஸ்ட், ‘டக் டக்’ பாஸ் இருந்தால் பெரும்பாலும் கெம்ப்ஃபர்ட்.

பழைய எல்.பி. வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அமெரிக்க டெக்கா தட்டுகளில் எண்ணைப் பாருங்கள். டி.எல். என்ற எழுத்துகளுக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் மோனோ, அதே எண்ணுக்கு முன்னால் 7 சேர்ந்து ஐந்து இலக்கமானால் ஸ்டீரியோ. ‘வொண்டர்லேண்ட் பை நைட்’ மோனோவில் 4101, ஸ்டீரியோவில் 74101. ஆர்கெஸ்ட்ராவின் அகலம் வேண்டுமென்றால் ஸ்டீரியோ. சின்ன அறையில் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு மோனோ எந்தக் குறையும் வைக்காது.

ஜெர்மன் பாலிடோர் வெளியீடும் அமெரிக்க டெக்கா வெளியீடும் பல ஆல்பங்களில் தலைப்பிலும் பாட்டு வரிசையிலும் மாறும். அட்டைப் படத்தை நம்பி வாங்கினால் ஒரே பதிவுகள் இரண்டு முறை வீட்டுக்கு வரும். பின்னட்டையில் பாட்டுப் பட்டியலை ஒப்பிட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

இந்தத் தட்டுகள் ஏராளமாக விற்றவை, வீடுகளில் ஏராளமாக ஓடியவையும்கூட. கனமான பழைய ஊசிகள் தேய்த்த தட்டில் முதலில் கெடுவது தனி ட்ரம்பெட். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மையத்துக்கு அருகே ஒரு சுற்றின் நீளம் குறைவு, அதே ஒலி நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கும், தேய்மானம் அங்கேதான் முதலில் கேட்கும். ட்ரம்பெட் ஏறும்போது கிழிந்த காகிதம்போல ஒலித்தால் அது அழுக்கு இல்லை. கழுவினாலும் போகாது, விட்டுவிடுங்கள். ‘டிக் டிக்’ என்ற தூசி ஒலி மட்டும் என்றால் கவலை வேண்டாம். காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி நுரை குறைந்த சோப்புக் கரைசலைக் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் பள்ளங்களின் வட்டப் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரால் அலசி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள். நடுவிலுள்ள லேபிளில் ஈரம் படக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்தில் படிந்து புதிய இரைச்சலைக் கொண்டுவரும்.

‘மை பானி’யின் அமெரிக்க டெக்கா வெளியீடு, 1962 ஏப்ரலில் வந்த 45 சுற்றுத் தட்டு, மிக அரிது. அசல் என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் போலித் தட்டாக இருக்கும் வாய்ப்பே அதிகம். பீட்டில்ஸ் தட்டு சேகரிப்பில் பழுத்த ஒருவரிடம் காட்டாமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.